அலுமாரித் திறப்போடு சிலோயே வரை

2006 நவம்பர் 11, சனிக்கிழமை. காலை ஆறரை மணிக்கு ஹொல்ம்லியா ரயில் மேடையில் நானும் மனைவி ரெஜினாவும் என் பெட்டியும் நின்றோம். மழையா பனியா என்று தானே முடிவெடுக்காத ஒன்று மேலிருந்து விழுந்துகொண்டிருந்தது. "இன்னும் கொஞ்சம் யோசியுங்கோ" என்றாள் ரெஜினா. அவள் சொன்னது பயணத்தைப் பற்றியல்ல, பெட்டிக்குள் இருந்த கடிதத்தைப் பற்றி. "யோசிச்சாச்சு" என்றேன். ரயில் வந்துவிட்டது.

கடிதத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். தீவுப்பகுதி, யாழ்ப்பாணம், மன்னார் என்று பல இடங்களிலிருந்து வந்து ஒஸ்லோவில் ஒதுங்கிய கத்தோலிக்கத் தமிழர் நாங்கள். மாதத்தின் மூன்றாம் ஞாயிறு ஒரு நோர்வேஜியக் கோயிலின் மண்டபத்தில் கூடித் தமிழ்ப் பூசை காண்பது வழக்கம். ஒக்டோபர் கடைசியில் எங்கள் சாமியார் ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். பதிலுக்கு ஆளில்லை. நான் அந்தக் கூட்டத்தின் தலைவன். பகிடிக்கு மூப்பர் என்பார்கள். சாமி இல்லாமல் கூடினால் அது கோப்பி குடிக்கிற கூட்டம் என்பது என் கட்சி. அவரவர் தங்கள் பக்கத்து நோர்வேஜியக் கோயிலுக்குப் போகட்டும், மண்டபத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். 26ஆம் தேதிக் கூட்டத்தில் வாசித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ரெஜினா எதிர்க்கட்சி.

உண்மையில் எனக்குப் பயம். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். எங்கள் மகள் மெலனியே இரண்டு வருடமாக மண்டபத்துப் பக்கம் வரவில்லை. தாதிப் படிப்பு, வேலை, களைப்பு என்று அவளிடம் காரணம் தயாராக இருக்கும். கடைசியில் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டுகிற ஆளாக நான் தனியே நிற்கக் கூடாது என்று நினைத்தேன். முன்கூட்டியே பூட்டிவிட்டால் வலி குறைவு என்று ஒரு யோசனை.

இனிப் பயணம். லில்லெஸ்ட்ரோமில், மீன் பண்ணைகளின் வலைகளைக் கழுவும் இயந்திரம் செய்கிற ஒரு சின்னக் கம்பனியில் நான் பொருத்துநர். ஒரு மாதத்துக்கு முன் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, சிலோயேயில் ஒரு இயந்திரத்தைப் பொருத்திப் பூட்ட வேண்டும் என்றார். என் காதில் அது சிலோன் என்று விழுந்தது. சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டிக் கிடக்கிற நேரத்தில் அங்கே யார் வலை கழுவக் கேட்கிறான் என்று அவரையே கேட்டேன். மேலாளர் சுவரில் இருந்த படத்தில் தென்னமெரிக்காவின் அடியைத் தொட்டுக் காட்டினார். சிலியின் தெற்கே ஒரு தீவுக்கூட்டம். ஸ்பானியரின் ராச்சியம் அந்தப் பக்கத்தில் முடிந்த எல்லை அது. வீட்டில் வந்து சொன்னபோது ரெஜினாவும் "சிலோனுக்கோ" என்றுதான் கேட்டாள். ஆகவே காதில் குறை எனக்கு மட்டும் இல்லை.

அதே நாள் பகல், மட்ரிட் விமான நிலையம். சோதனைத் தட்டில் கோட்டுப் பையைக் கவிழ்த்தபோது சில்லறைக்கும் இருமல் இனிப்புக்கும் நடுவில் ஒரு சின்னத் திறப்பு விழுந்தது. எங்கள் மண்டபத்து அலுமாரிப் பூட்டின் திறப்பு. மாதா சிலையான சுருவம், செபப் புத்தகங்கள், மெழுகுதிரி, கோப்பிப் போத்தல் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. வேறு திறப்பு கிடையாது. மூன்றாம் ஞாயிறான 19ஆம் தேதி சாமி இல்லாவிட்டாலும் செபமாலை சொல்லப் போவதாக ரெஜினாவும் மற்றவர்களும் தீர்மானித்திருந்தார்கள். திறப்பைக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று வியாழக்கிழமைகூட நினைத்தேன். பிறகு நினைக்கவில்லை.

மட்ரிட்டிலிருந்து சந்தியாகோ பதின்மூன்று மணித்தியாலம். அங்கிருந்து புவெர்த்தோ மொன்ற் இன்னும் இரண்டு. ஞாயிறு பின்னேரம் அங்கே பஸ் ஏறினேன். காஸ்த்ரோ நகரம் வரை சுமார் 170 கிலோமீற்றர், 5,000 பேசோ, நோர்வேக் காசில் அறுபது குரோனருக்குக் கொஞ்சம் மேல். வழியில் பஸ் அப்படியே பாதைக் கப்பலில் ஏறியது. அரை மணித்தியாலம் கடல். எல்லோரும் இறங்கி நின்று ஏதோ ஒரு ரொட்டி வாங்கிச் சாப்பிட்டார்கள். நானும் வாங்கினேன். விற்ற பெண் "பான்" என்றாள். ரொட்டிக்கு நாங்கள் ஊரில் சொல்கிற பாண் என்று எனக்குத் தெளிவாகக் கேட்டது. களைப்பில் காது மயங்குகிறது என்று விட்டுவிட்டேன். ஒஸ்லோவில் நாலு மணிக்கே இருட்டுகிற மாதத்தில் இங்கே இரவு எட்டரைக்கும் வெளிச்சம் நின்றது. கரையெல்லாம் முள்ளுப் பற்றைகள் மஞ்சளாகப் பூத்திருந்தன. நல்ல மழையும் பெய்தது.

13ஆம் தேதி, திங்கள், காலை ஏழு மணி. விடுதி வாசலில் என்னை ஏற்ற வந்த சாரதி என் பையில் இருந்த கம்பனிப் பெயரைப் பார்த்துவிட்டு அச்சொட்டான நொஸ்கில், அதுதான் நோர்வே மொழியில், காலை வணக்கம் சொன்னார். பெயர் மார்செலோ, என் வயதுதான். இராணுவ ஆட்சிக் காலத்தில் தப்பி ஓடி ஒஸ்லோவில் அகதியாகப் பதினொரு வருடம் இருந்தவர். அதிலும் எங்கள் ஹொல்ம்லியாவில். அவர் நொஸ்கில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். "எங்கடை கட்டடத்துக்குக் கீழை ஒரு உடுப்புத் தோய்க்கிற அறை இருந்தது. முறை மாறினால் ஒரு கிழவி சண்டைக்கு வருவா. இருக்கிறாவோ?" என்று கேட்டார். அந்தக் கிழவி போய் வேறு கிழவி வந்திருக்கிறாள் என்றேன். உலகத்தின் அடியில் ஒரு யாழ்ப்பாணத்தானும் ஒரு சிலிக்காரனும் ஒஸ்லோவின் தோய்ப்பறையைப் பற்றி நொஸ்கில் கதைத்துக்கொண்டு போனோம்.

அன்று வேலை இடத்தைப் பார்த்துவிட்டு மத்தியானம் திரும்பியபோது விடுதித் தொலைபேசிக்கு ஒஸ்லோவிலிருந்து அழைப்பு. "அண்ணே, ஆரோக்கியராஜ் பேசுறேன். அந்த அலமாரிச் சாவி உங்ககிட்டயா இருக்கு?" ஆரோக்கியராஜ் தூத்துக்குடிக்காரர், கணினி வேலைக்கு வந்து எங்களோடு சேர்ந்தவர். அவருக்குச் சாவி, எங்களுக்குத் திறப்பு. அவர் "பேசுறேன்" என்றால் எங்கள் ஆட்கள் யாரை ஏசுகிறார் என்று திரும்பிப் பார்ப்பார்கள். "ஓம் தம்பி, மறந்து கொண்டு வந்திட்டன்" என்றேன். அவர் பக்கத்தில் நின்ற ரெஜினா தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். "மறந்து கொண்டு போனியளோ, மறைச்சுக் கொண்டு போனியளோ?" இங்கே நல்ல மழை என்றேன். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

செவ்வாய் முதல் வெள்ளி வரை வேலை. வலைப் பட்டறை கடலோரத்தில் இருந்தது. இயந்திரத்தை நான் பழக்க வேண்டிய ஆள் எலியானா, ஐம்பது வயதுப் பெண். வலை முடிச்சுப் போடுகிற வேகத்தைப் பார்த்தால் எங்கள் ஊர்காவற்றுறைக் கரையில் கொண்டுபோய் விட்டாலும் பிழைத்துக்கொள்வார். இயந்திரத்தை இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை நான் மார்செலோவிடம், ஞாயிறு பூசைக்கு எங்கே போகலாம் என்று கேட்டேன். எலியானா இடையில் ஏதோ சொன்னார். "தங்கடை தீவுக் கோயிலுக்கு வரட்டாம். அவதான் அங்கை பிஸ்கால்" என்றார் மார்செலோ. நோர்வேயில் பிஸ்க் என்றால் மீன். மீன் சம்பந்தமான ஏதோ உத்தியோகம் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

19ஆம் தேதி, ஞாயிறு, காலை எட்டரை. மார்செலோவின் வண்டியில் தால்காவே வரை இருபது கிலோமீற்றர், பிறகு ஐந்து நிமிடப் பாதைக் கப்பல், பிறகு கின்சாவோ என்ற தீவு. அச்சாவோ என்ற சின்னப் பட்டினத்தில் முழுக்க மரத்தால் ஆன பழைய கோயில் ஒன்றைப் பார்த்தோம். இயேசு சபைச் சாமிமார் காலத்தது. ஆயிரத்து எழுநூறுகளில் எழும்பியது. இரும்பு ஆணி கிடைக்காத ஊராகையால் மர முளைகளை அடித்துப் பொருத்தியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் கவிழ்த்து வைத்த வள்ளம். கட்டினவர்கள் வள்ளம் கட்டுகிற தச்சர்கள், தெரிந்த வேலையைத்தானே செய்வார்கள்.

வழியில் மார்செலோ பிஸ்கால் என்றால் என்ன என்று விளக்கினார். அவருக்கு வேதத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் கதை எல்லாம் தெரியும். அந்தக் காலத்தில் சாமிமார் இரண்டே பேர் வள்ளத்தில் தீவு தீவாகச் சுற்றுவார்கள். ஒரு கோயிலுக்கு வருடத்தில் ஒரு தரம், இரண்டு மூன்று நாள். மிச்ச நாளெல்லாம் செபம் சொல்ல, பிள்ளைகளுக்குப் படிப்பிக்க, சாகக் கிடக்கிற குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க, செத்தவரை அடக்க ஊருக்குள் ஒருவரை வைத்தார்கள். அவர்தான் பிஸ்கால். "பிறகு ராசா இயேசு சபையைத் துரத்தினான். ராசாவையும் துரத்தினம். பிஸ்கால் மட்டும் போகேல்லை" என்றார். "சாமிமாரோடை துவக்கு ஏந்தின பட்டாளமும் வந்தது, இந்தக் கதையை எழுதினால் அதையும் எழுதும். இந்த மரங்களைத் தறிச்ச சனத்துக்குச் சம்பளம் இல்லை" என்றும் சொன்னார். எழுதிவிட்டேன்.

எங்கள் பக்கத்துக் கதையும் ஏறக்குறைய இதுதான். போர்த்துக்கீசர் வாளோடும் சிலுவையோடும் வந்தார்கள். பிறகு ஒல்லாந்தர் வந்து கோயில்களைப் பறித்தார்கள். கோவாவிலிருந்து சாமிமார் ஒளித்து ஒளித்து வந்து சேரும்வரை செபத்தைக் காப்பாற்றினது ஊர்ச் சனம். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. ஒஸ்லோவில் கடிதம் எழுதிய அன்று அது ஏன் ஞாபகத்துக்கு வரவில்லை என்று வண்டிக்குள் இருந்து யோசித்தேன்.

பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன் எலியானாவின் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அச்சாவோவிலிருந்து கிரவல் தெருவில் ஒன்பது கிலோமீற்றர். பலகைச் செதில் போர்த்திய சின்னக் கோயில், பக்கத்தில் பத்துப் பதினைந்து வீடுகள், எதிரே கடல். எலியானா கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த பெரிய இரும்புத் திறப்பால் கதவைத் திறந்தார். உள்ளே வந்தவர்கள் பதினாறு பேர். பீடத்தில் யாரும் ஏறவில்லை. எலியானா மழைக்கோட்டோடு முன் வரிசைக்குப் பக்கத்தில் நின்று வாசித்தார். பிறகு மாதா பிரார்த்தனை தொடங்கியது. அவர் ஒரு பெயர் சொல்ல, மற்றவர்கள் "ருவேகா போர் நொசோத்ரோஸ்" என்றார்கள். மூன்றாவது தரம் என் வாய் தானாக "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது. நீளம் சரியாகப் பொருந்தியது. முன் வாங்குப் பலகையில் இருந்த மனுசி ஒருமுறை திரும்பிப் பார்த்தா, அவ்வளவுதான். பிரார்த்தனை முடியும் மட்டும் தமிழிலேயே பதில் சொன்னேன். நோர்வேஜியக் கோயிலில் ஒரு நாளும் வராத கண்ணீர் எனக்கு அங்கே வந்தது. அந்த நேரம் ஒஸ்லோவில் பின்னேரம் மூன்று மணி கடந்திருந்தது.

பிறகு எலியானா வீட்டில் சாப்பாடு. மார்செலோ வண்டியைச் சேற்றிலிருந்து எடுக்கப் பின்னால் நின்றுவிட்டார். நான் மொழியில்லாமல் தனியே உள்ளே போனேன். வாசலில் எலியானா என் காலைக் காட்டி "சப்பாத்தோ" என்றார். சப்பாத்தைக் கழற்றினேன். உள்ளே அடுப்படிக்குக் கூட்டிப்போய் "கொசீனா" என்றார். குசினிதான். "மேசா" என்றார். மேசைதான். மேசையில் இருந்தது பாண். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாதைக் கப்பலில் கேட்டதும் பிழையில்லை. போர்த்துக்கீசரிடம் நாங்கள் வாங்கின சொற்களும் இவர்கள் ஸ்பானியரிடம் வாங்கினவையும் அக்கா தங்கச்சிகள். தமிழ்நாட்டு ஆட்கள் சிரிக்கிற எங்கள் யாழ்ப்பாணச் சொற்கள் இங்கே தாராளமாகச் செல்லும் என்ற துணிவு வந்துவிட்டது.

அந்தத் துணிவில்தான் பிழை விட்டேன். ஒரு மணித்தியாலம் கோயிலில் நின்ற கால் நொந்து, உட்காரக் கதிரை தேவைப்பட்டது. சமையலில் மும்முரமாக இருந்த எலியானாவிடம் உறுதியான குரலில் "கதிரை" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். "கதிரை, கதிரை" என்று கையால் இருப்பதுபோல் காட்டினேன். அவர் முகம் மாறியது. புருசனைக் கூப்பிட்டார். இருவரும் என் இடுப்பைப் பார்த்து ஏதோ கலந்து பேசினார்கள். புருசன் என்னைத் தாங்கிப் பிடித்து அடுப்போரத்து நீள வாங்கில் சரித்துப் படுக்க வைத்தார். எலியானா சுடுகல்லைக் கம்பளியில் சுற்றி என் இடுப்புக்குக் கீழே செருகினார். பக்கத்து வீட்டு மனுசி ஒரு எண்ணெய்ப் போத்தலோடு வந்தா. மார்செலோ வந்து பார்த்தபோது நான் மூன்று பேரின் வைத்தியத்தில் இருந்தேன். விசயத்தைக் கேட்டுவிட்டு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஸ்பானியத்தில் கதேரா என்றால் இடுப்பெலும்பாம். இருக்கிற கதிரைக்குச் சியா என்ற வேறு சொல்லாம். உண்மையாகவே அந்தச் சூடு இடுப்புக்கு நன்றாக இருந்தது.

சிரிப்பு அடங்கினதும் உருளைக்கிழங்கு அடையும் மட்டிக் கறியும் சாப்பிட்டோம். எலியானா ஒஸ்லோவைப் பற்றிக் கேட்டார். சாமி போனதையும் கூட்டத்தைக் கலைக்கக் கடிதம் எழுதி வைத்திருப்பதையும் சொன்னேன். மார்செலோ மொழிபெயர்த்தார். எலியானா கழுத்துக் கயிற்றைத் தூக்கிக் காட்டி ஏதோ கேட்டார். அதில் "யாவே" என்ற சொல் வந்தது. எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது. ஆரோக்கியராஜின் சாவி. எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. கோட்டுப் பையிலிருந்து அலுமாரித் திறப்பை எடுத்து மேசையில் வைத்தேன்.

எலியானா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அங்கை இப்ப என்ன நேரம்?" என்று மார்செலோவைக் கேட்க வைத்தார். நாலரை என்றேன். "அப்ப அவை இண்டைக்கு எப்பிடிச் செபம் சொல்லியிருப்பினம்?" என்று கேட்டார். கடிதத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தன் திறப்பைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இந்தக் கோயிலுக்கு மூண்டு திறப்பு. ஒண்டு என்னட்டை, ஒண்டு பக்கத்து வீட்டிலை, ஒண்டு கடைக்காரரிட்டை. சாமியிட்டைத் திறப்பு இல்லை. அவர் வந்தால் நாங்கள்தான் திறந்து விடவேணும்."

நான் அவரிடம் இன்னொன்றும் கேட்டேன், அந்தச் சாமிமார் மேல் கோபம் இல்லையா என்று. எலியானாவின் தாய்வழி அந்த மண்ணின் பழைய குடி. "எங்கடை பாசை போயிட்டுது. ஊர்ப் பேருகள்தான் மிச்சம். அது கோவம்தான். ஆனால் கோயில் கட்டினது எங்கடை கை. அதை ஏன் அவைக்குக் குடுக்கவேணும்?" என்றார்.

பின்னேரம் இரண்டரைக்கு அச்சாவோவில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து வீட்டுக்கு எடுத்தேன். ஐந்து நிமிடம் 900 பேசோ. "செபம் நடந்ததோ?" என்றேன். "நடந்தது" என்றாள் ரெஜினா. "சுருவம் இல்லாமலோ?" "சுருவம் உள்ளைதானே இருக்கிறா. பூட்டின அலுமாரிக்கு முன்னாலை மெழுகுதிரி கொளுத்தி, அதைப் பாத்துச் செபமாலை சொன்னம். ஆரோக்கியராஜ் அலுமாரிக்கு மாலையும் போட்டவர்." அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. திறப்பை மறைத்துத்தான் கொண்டுவந்தேன் என்று அப்போதுதான் அவளிடம் ஒத்துக்கொண்டேன். "தெரியும். சாப்பிட்டியளோ?" என்றாள்.

21ஆம் தேதி, செவ்வாய். காஸ்த்ரோ சந்தைக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கடை. திறப்பைக் கொடுத்து "யாவே" என்று சொல்லி ஆறு விரல் காட்டினேன். ஒன்று 600 பேசோ. மறுநாள் பஸ் நிலையத்தில் மார்செலோ என்னைக் கட்டிப்பிடித்து, தோய்ப்பறைக் கிழவிக்குத் தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னார். வியாழன் பின்னேரம் ஒஸ்லோவில் இறங்கியபோது நாலு மணி, நல்ல இருட்டு. அந்த இருட்டு எனக்கு ஏனோ உறுத்தவில்லை.

26ஆம் தேதிக் கூட்டத்தில் கடிதத்தை வாசிக்கவில்லை. மேசையில் ஆறு திறப்பையும் வைத்து, சாமி வரும்வரை நாங்களே திறப்போம் என்றேன். வாதாடத் தயாராக வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஐந்து பேர் எடுத்தார்கள். ஆரோக்கியராஜ் உடனேயே போய்ப் பூட்டில் போட்டுப் பார்த்து, "நல்லாத் திறக்குது அண்ணே, சிலி சாவி" என்றார். ஆறாவதை எடுக்க ஆள் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து வாசல் ஆணியில் கொழுவினேன். வேலைக்குப் புறப்பட்ட மெலனி "இது என்ன நொக்கெல்?" என்று நொஸ்க் சொல்லால் கேட்டாள். அலுமாரித் திறப்பு என்றேன். சரி என்று போய்விட்டாள்.

டிசம்பர் 17, மூன்றாம் ஞாயிறு. மெழுகுதிரியும் கோப்பித் தூளும் வாங்கக் நகரத்துக்குள் குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்குப் போனவன், பனியில் ரயில் தாமதித்து அரை மணி பிந்தி மண்டபத்துக்கு ஓடினேன். என் திறப்பு என் பையில் இருந்தது. எல்லோரும் எனக்காக வெளியே நிற்பார்கள் என்று பழைய பழக்கத்தில் பதறினேன். உள்ளே பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தது. மாதா மேசையில் இருந்தா. ரெஜினா பெயர்களைச் சொல்ல, மற்றவர்கள் வேண்டிக்கொண்டிருந்தார்கள். அலுமாரிக் கதவு விரியத் திறந்திருந்தது. அதன் பூட்டில் ஆறாவது திறப்பு, மெலனியின் ஆஸ்பத்திரி அடையாள அட்டையின் நீலப் பட்டியோடு தொங்கியது. இரவு வேலை முடித்து நேரே வந்திருக்கிறாள். பின் வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. போய் இருந்தேன்.